புதுப்பிப்பு: தூண்டில் டிரெய்லரின் நுனியை மட்டும் இழுத்துவிட்டுத் தப்பிய பாஸ் மீன்கள்

குளிர்ந்த நீரில் பாஸ் மீன்கள், ஜிக்கில் (எடைத் தலை கொண்ட தூண்டில் முள்) கோத்த மென்பிளாஸ்டிக் டிரெய்லரின் (முள்ளின் பின்னால் நீளும் போலி இரை) நுனியை மட்டும் இழுத்துவிட்டு முள்ளில் சிக்காமல் போகின்றன என்று முன்பு கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

முதலில் நிறத்தை மாற்றிப் பார்த்தேன், பயனில்லை. அடுத்து, 1/2 அவுன்ஸ் ஜிக்குக்குப் பதிலாக 3/8 அவுன்ஸ் கட்டியதில் அது மெதுவாக இறங்கியது, இழுப்புகளும் கூடின, ஆனால் சிக்கியவை கூடவில்லை. உண்மையில் பலன் தந்தது, டிரெய்லரைத் தலைப்பக்கம் ஏறத்தாழ 2 செ.மீ. வெட்டிக் குறுக்கி, ஜிக்கைச் சுற்றிக் குஞ்சம்போல் தொங்கும் ஸ்கர்ட்டின் இழைகளையும் முள்ளின் வளைவைச் சற்றே தாண்டும் அளவுக்குக் கத்தரிக்கச் சொன்ன யோசனைதான். அத்துடன், படபடக்கும் கொடுக்குகள் கொண்ட டிரெய்லரை விட்டு, அதிகம் அசையாத தடித்த 'சங்க்' வகைக்கு மாறினேன்; 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழான நீரில் மந்தமாகிவிடும் மீனுக்கு அந்த அடக்கமான அசைவே ஏற்றது என்பது என் கணிப்பு. (வெயில் காலத்துக்குப் பழையதையே வைத்திருக்கிறேன்.)

எதிர்பாராத ஒன்று: டிரெய்லரின் பருமன் குறைந்ததும் ஜிக் மறுபடி வேகமாக இறங்கத் தொடங்கியதால், 5/16 அவுன்ஸுக்கு மாற வேண்டியிருந்தது. மேலும், நன்கு நீளும் டிபிஇ (ரப்பர் போன்ற ஒரு பிளாஸ்டிக்) வகை டிரெய்லர்களைச் சாதாரண மென்பிளாஸ்டிக்குடன் ஒரே பெட்டியில் போட்டுவைத்ததில் அவை இளகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன, தனித்தனியே வைக்கவும்.