கார் விலையில் கழிவு தரும் கடன் அட்டை: வாங்கலாமா, வேண்டாமா?

வரவுசெலவு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் இப்போது வைத்திருக்கும் கடன் அட்டை எல்லாச் செலவுக்கும் 2% பணத்தைத் திருப்பித் தருகிறது. அது மாதந்தோறும் நேராகக் கணக்கில் வரவாகிவிடும். அண்மையில் ஒரு கார் நிறுவனத்தின் பெயர் பொறித்த அட்டைக்கு அழைப்பு வந்தது. அதில் செலவில் 3% புள்ளிகளாகச் சேரும், ஆண்டுக் கட்டணமும் கிடையாது. ஆனால் அந்தப் புள்ளிகளை அந்த நிறுவனத்தின் புதிய கார் வாங்கும்போது மட்டுமே விலையில் கழித்துக்கொள்ள முடியும். என் காருக்கு ஆறு வயதாகிறது, இன்னும் மூன்று நான்கு ஆண்டுகளில் மாற்ற வேண்டியிருக்கும். அதே நிறுவனத்தின் காரைத்தான் வாங்குவேன் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, வாங்கமாட்டேன் என்றும் சொல்ல முடியாது. இரண்டைவிட மூன்று பெரிது என்பது எனக்கும் தெரிகிறது. இருந்தும் எங்கோ இடிக்கிறது. இத்தகைய அட்டையைப் பயன்படுத்தியவர்கள் சற்று விளக்கினால் உதவியாக இருக்கும்.

ஐந்தொகை எழுதியது:

தங்களுக்கு இடிக்கும் இடம் சரியான இடம்தான். கைக்கு வந்துவிட்ட இரண்டையும், வந்தாலும் வரக்கூடிய மூன்றையும் அப்படியே ஒப்பிட முடியாது. அந்த நிறுவனத்தின் புதிய காரைத் தாங்கள் வாங்குவதற்கான வாய்ப்பு மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இருந்தால்தான் இந்த அட்டை பழைய அட்டையை வெல்லும். தாங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் வாய்ப்பு பாதிக்குப் பாதி என்று தோன்றுகிறது; அப்படியானால் அந்த 3% தங்களைப் பொறுத்தவரை 1.5% தான். வேறு நிறுவனத்தின் கார் பிடித்துப்போவது, நல்ல நிலையில் ஒரு பழைய கார் கிடைத்துவிடுவது, இருக்கும் காரே இன்னும் ஐந்து ஆண்டுகள் உழைப்பது ஆகிய எல்லாவற்றுக்கும் கிடைக்கும் கழிவு பூஜ்யம்.

இவ்வகை அட்டைகள் பெயர் பெற்ற காலத்தில் கணக்கு இன்னும் தாராளமாக இருந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1992 இல் அமெரிக்காவில் ஹவுஸ்ஹோல்டு வங்கியுடன் சேர்ந்து வெளியிட்ட மாஸ்டர்கார்டு, செலவில் 5% ஐப் புதிய காருக்கான கழிவாகச் சேர்த்துத் தந்தது. அதற்கு உச்சவரம்பு ஆண்டுக்கு 500 டாலர், ஏழு ஆண்டுகளுக்கு 3,500 டாலர். ஆண்டுக்கு 10,000 டாலர் செலவழித்த ஒருவருக்கு ஏழு ஆண்டுகளில் அந்த 3,500 டாலரும் முழுமையாகச் சேர்ந்திருக்கும். தங்கள் கையிலுள்ளதைப் போன்ற 2% அட்டை அதே செலவுக்கு 1,400 டாலர் தரும் என்பதால், கார் வாங்கும் வாய்ப்பு 40% க்கு மேல் இருந்தாலே அந்தக் கழிவு அட்டைதான் மேல். ஆனால் அதே நபர் ஆண்டுக்கு 25,000 டாலர் செலவழித்தால் கதை மாறிவிடுகிறது. கழிவு 500 டாலரில் நின்றுவிடும். 2% அட்டையும் அதே 500 டாலரைத் தரும், அதுவும் எதற்கு வேண்டுமானாலும் செலவழிக்கக்கூடிய பணமாக. எனவே தங்களுக்கு வந்த அழைப்பில் 3% என்ற பெரிய எழுத்தை விட்டுவிட்டு, ஆண்டு வரம்பு எவ்வளவு, புள்ளிகள் எத்தனை ஆண்டுகளில் காலாவதியாகும், எந்த மாடலுக்கு எவ்வளவு வரை கழிப்பார்கள் என்ற மூன்றையும் முதலில் தேடுங்கள்.

இன்னொன்றும் உண்டு. சாதாரண அட்டை தரும் 2%, கடைக்காரரிடம் வங்கி பிடிக்கும் கட்டணத்திலிருந்து பெரும்பாலும் வருகிறது. கார் கழிவிலோ அந்த நிறுவனத்தின் பங்கும் கலந்திருக்கிறது. அவர்களுக்கு அது விளம்பரச் செலவு மாதிரி. விளம்பரச் செலவை எப்போது வேண்டுமானாலும் குறைக்கலாம் அல்லவா? ஃபோர்டு நிறுவனம் சிட்டிபேங்குடன் 1993 இல் தொடங்கிய இத்தகைய அட்டையை 1997 இல் நிறுத்தியது. ஜெனரல் மோட்டார்ஸ் அட்டை பிழைத்துக்கொண்டது என்றாலும் எச்எஸ்பிசி, கேப்பிட்டல் ஒன், கோல்ட்மேன் சாக்ஸ், பார்க்லேஸ் என்று அதை நடத்தும் வங்கி மாறிக்கொண்டே வந்திருக்கிறது. தங்கள் சேமிப்பின் விதிகளை எழுதும் உரிமை தங்களிடம் இல்லை என்பதை மறந்துவிடக் கூடாது.

மாற்றுச்சாவி எழுதியது:

ஐந்தொகை அவர்களின் கணக்கோடு எனக்கு வழக்கில்லை. ஆனால் கணக்குப் புத்தகத்தில் இருக்கும் கழிவு ஷோரூமில் என்ன ஆகிறது என்பதை நான் நேரில் பார்த்தவன். ஐந்து ஆண்டுகள் புள்ளி சேர்த்துவிட்டு, அந்தப் பெருமையில், உட்கார்ந்தவுடனேயே விற்பனையாளரிடம் அட்டையை எடுத்துக் காட்டிவிட்டேன். அவர் ஒரு வெள்ளைத் தாளில் பட்டியல் விலையை எழுதினார், அதன் கீழே ஒரு பெரிய தொகையைக் கழித்தார், கோடு போட்டு இறுதி விலையை வட்டமிட்டுத் தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தபோதுதான், அந்தப் பெரிய தொகையில் முக்கால் பங்கு நானே சேர்த்த புள்ளிகள் என்பதும், அட்டையே இல்லாமல் அதே வாரம் வாங்கிய என் நண்பருக்குப் பேரத்தில் கிடைத்த தள்ளுபடி எனக்குக் கிடைக்கவில்லை என்பதும் விளங்கின. என் கழிவை என்னிடமிருந்தே எடுத்து எனக்கே தள்ளுபடியாகக் கொடுத்திருக்கிறார்கள்!

ஆகவே அட்டை வாங்குவதென்றால், எல்லாம் போகக் கடைசி விலை என்ன என்று பேசி, அதை எழுத்தில் பெற்று, அதன் பிறகே அட்டையைப் பற்றி வாயைத் திறக்க வேண்டும். நிறுவனம் அந்த மாதம் அறிவித்திருக்கும் சலுகையோடு புள்ளிகளையும் சேர்த்துப் பயன்படுத்த முடியுமா, இரண்டில் ஒன்றுதானா என்பதையும் அட்டை விதிகளிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

சிக்கனம் எழுதியது:

ஒரே ஒரு வரி சேர்க்கிறேன். மாதாமாதம் முழுத் தொகையையும் கட்டாதவர் இந்த விவாதத்தைப் படிக்கவே தேவையில்லை. ஆண்டு வட்டி 24% என்றால் மாதம் 2%. ஒன்றரை மாதம் பாக்கி வைத்தால் அந்தச் செலவுக்குக் கிடைத்த 3% போய்விடும்.

வரவுசெலவு எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. நான் பாக்கி வைப்பதில்லை. விதிகளை எடுத்துப் படித்துப் பார்த்தேன்: புள்ளிகளுக்கு ஐந்து ஆண்டு ஆயுள், நான் யோசித்து வைத்திருக்கும் சிறிய மாடலுக்குக் கழிக்கக்கூடிய தொகை என் நான்கு ஆண்டுச் சேமிப்பில் ஏறத்தாழ பாதிதான். முழுவதையும் கழிக்க வேண்டுமென்றால் எனக்குத் தேவையில்லாத பெரிய காரை வாங்க வேண்டும். ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம்: அன்றாடச் செலவைப் பழைய அட்டையில் வைத்துக்கொண்டு, கார் வாங்குவதற்கு ஓராண்டு முன்பு மட்டும் இதை எடுத்தால் என்ன?

ஐந்தொகை எழுதியது:

பாதிதான் கழிப்பார்கள் என்றால் தங்கள் 3% இப்போதே 1.5% ஆகிவிட்டது, கார் வாங்குவது உறுதி என்றாலும்கூட 2% அட்டைதான் முன்னால் நிற்கிறது. கடைசி ஓராண்டு யோசனை நல்ல யோசனை. எந்தக் கார் என்று மனத்தில் முடிவான பிறகு எடுப்பதால் வாய்ப்புக் கணக்கே தேவைப்படாது, ஓராண்டுச் சேமிப்பு மாடலின் வரம்புக்குள்ளும் அடங்கிவிடும். புதிதாகச் சேர்வோருக்கு முதல் சில மாதங்களில் கூடுதல் புள்ளி தருகிறார்களா என்று பாருங்கள்; தந்தால் நல்ல பங்கு அங்கேயே கிடைத்துவிடும். காருக்குக் கடன் வாங்குவதாக இருந்தால் மட்டும், விண்ணப்பிப்பதற்குச் சற்று முன்பு புதிய அட்டை எடுக்காமல் சில மாத இடைவெளி விடுங்கள். கழிவு வரிக்கு முன்பு கழிகிறதா, பின்பு கழிகிறதா என்பதையும் பில் போடும் முன் கேட்டுவிடுங்கள். பின்பு என்றால், கழித்த தொகைக்கும் சேர்த்துத் தாங்கள் வரி கட்டுகிறீர்கள்.