ஆங்கில இலக்கண வகுப்பை முதல் பாடத்திலிருந்து வரிசையாகத்தான் முடிக்க வேண்டுமா?

கேள்வி: கோவைக் கணக்கர்

அனைவருக்கும் வணக்கம். நான் கோயம்புத்தூரில், நூற்பாலை இயந்திரங்களுக்கான உதிரிபாகங்களை விற்கும் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பணிபுரிகிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவன். பி.காம். ஆங்கிலவழியில் முடித்தேன் என்றாலும், அதில் பெரும்பகுதி மனப்பாடத்தின் துணையால் நடந்தது. இப்போது சூரத்திலும் டாக்காவிலும் உள்ள வாடிக்கையாளர்களுக்கு நாள்தோறும் மின்னஞ்சல் எழுத வேண்டியிருப்பதால், இணையவழிக் கட்டண இலக்கண வகுப்பு ஒன்றில் சேர்ந்திருக்கிறேன். பெயர்ச்சொல்லில் தொடங்கி வினைச்சொல், பன்னிரண்டு காலங்கள், செயப்பாட்டுவினை, அயற்கூற்று என்று பாடங்கள் வரிசையாகச் செல்கின்றன. ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு தேர்வு உண்டு, அதில் தேறினால்தான் அடுத்த பாடம் திறக்கும்.

காலங்கள் பற்றிய தேர்வுகளில் எனக்கு ஏறக்குறைய முழு மதிப்பெண் கிடைக்கிறது. ஆனாலும் என் மின்னஞ்சல்களை மேலாளர் திருத்திக்கொண்டேதான் இருக்கிறார். அவர் அண்மையில் அடிக்கோடிட்ட மூன்று வாக்கியங்கள் இவை: "வி ஹேவ் டெஸ்பாட்ச்டு த கூட்ஸ் ஆன் ட்வெல்ஃப்த் மார்ச்", "கைண்ட்லி இன்ஃபார்ம் வென் வில் யூ சென்ட் த பேமென்ட்", "ஆல் த எக்விப்மென்ட்ஸ் ஆர் ரெடி". என்ன தவறு என்று விளக்க அவருக்கு நேரம் இல்லை. இந்த வகுப்பை அதன் வரிசைப்படியே கடைசி வரை தொடர்வதா, அல்லது விட்டுவிட்டு வேறு முறையில் படிப்பதா என்பதை அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: நெல்லை ஆசிரியை

வணக்கம். கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கிறேன். நீங்கள் கொடுத்த மூன்று வாக்கியங்களையும் ஒவ்வோர் ஆண்டும் ஏதோ ஒரு வடிவில் விடைத்தாள்களில் காண்கிறேன். அவை கவனக்குறைவால் வருபவை அல்ல. தமிழ் வாக்கியம் அடியில் இருந்துகொண்டு ஆங்கில வாக்கியத்தை இழுப்பதால் வருபவை.

முதல் வாக்கியத்தைப் பாருங்கள். "12ஆம் தேதி சரக்கை அனுப்பியிருக்கிறோம்" என்று தமிழில் தாராளமாக எழுதலாம்; 'இருக்கிறோம்' வந்துவிட்டதால் தேதியைச் சொல்லக்கூடாது என்ற கட்டுப்பாடு நமக்கு இல்லை. ஆங்கிலத்தில் 'ஹேவ்' சேர்ந்து வரும் இந்த வடிவம், நடந்த செயலை இன்றைய நிலையோடு இணைத்துப் பேசுவதற்கானது. ஆகவே நேற்று, சென்ற வாரம், மார்ச் 12 என்று முடிந்துபோன ஒரு பொழுதைச் சுட்டும் சொல்லை அது ஏற்றுக்கொள்ளாது. தேதி வேண்டுமென்றால் "வி டெஸ்பாட்ச்டு த கூட்ஸ் ஆன் ட்வெல்ஃப்த் மார்ச்" என்று எழுத வேண்டும். தேதி வேண்டாம், சரக்கு கிளம்பிவிட்டது என்ற செய்தி போதும் என்றால் "வி ஹேவ் டெஸ்பாட்ச்டு த கூட்ஸ்" சரியானது. "நேற்று வந்திருந்தேன்" என்பதை "ஐ ஹேட் கம் யெஸ்டர்டே" என்று நம்மவர்கள் சொல்வதும் இதே வழியில் வருவதுதான். கடந்தகாலத்தில் நடந்த இன்னொரு நிகழ்ச்சிக்கு முன்பே இது நடந்தது என்று காட்ட வேண்டிய இடத்தில்தான் அந்த 'ஹேட்' தேவைப்படும்.

இது பாடத்தேர்வில் ஏன் வெளிப்படவில்லை என்பதுதான் உங்கள் கேள்வியின் உயிர்நாடி என்று நினைக்கிறேன். இந்த 'ஹேவ்' வடிவத்தின் பெயரான 'பிரெசென்ட் பெர்ஃபெக்ட்' என்ற தலைப்பின் கீழ் வரும் பத்துக் கேள்விகளுக்கும் விடை அந்த ஒரே வடிவம்தான் என்பது தலைப்பிலேயே தெரிந்துவிடுகிறது. வினையின் மூன்றாம் வடிவம் நினைவிருந்தால் முழு மதிப்பெண் கிடைத்துவிடும். மின்னஞ்சல் எழுதும்போது உங்கள் முன் தலைப்பு எதுவும் இல்லை. இரண்டு வடிவங்களில் எது பொருந்தும் என்று நீங்களேதான் தேர்ந்தெடுக்க வேண்டும், அந்தத் தேர்வுக்கான பயிற்சியை உங்கள் வகுப்பு தரவில்லை. பன்னிரண்டு காலங்களைக் கட்டம் போட்டுக் காட்டும் அட்டவணை, வினாத்தாள் தயாரிப்பவருக்கு வசதியானது என்பதைத் தவிர அதற்குப் பெரிய பயன் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இரண்டாம் வாக்கியத்தில் நம் 'என்று' வேலை செய்கிறது. "எப்போது பணம் அனுப்புவீர்கள் என்று தெரிவிக்கவும்" என்னும்போது கேள்வி அப்படியே முழுதாக உள்ளே அமர்கிறது. ஆங்கிலத்தில் கேள்வி இன்னொரு வாக்கியத்திற்குள் நுழைந்தவுடன் அதன் சொல்வரிசை சாதாரண வாக்கியத்தின் வரிசைக்கு மாறிவிடும்: "வென் யூ வில் சென்ட் த பேமென்ட்". மூன்றாவது எளிது. 'எக்விப்மென்ட்', 'மெஷினரி', 'இன்ஃபர்மேஷன்' மூன்றும் எண்ணிக்கையில் அடங்காத பெயர்கள். அவற்றின் முடிவில் 'ஸ்' வராது, வினையும் 'ஈஸ்' என்றே வரும். உங்கள் தொழிலில் இந்த மூன்று சொற்களும் அன்றாடம் வருபவை என்பதால் எழுதி மேசையில் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

வரிசையைப் பொறுத்தவரை, ரேமண்ட் மர்ஃபியின் 'இங்கிலீஷ் கிராமர் இன் யூஸ்' நூலின் அமைப்பை எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். 1985இல் முதலில் வெளிவந்து, 2019இல் ஐந்தாம் பதிப்பைக் கண்ட நூல் அது. அதில் 145 அலகுகள் உள்ளன. இடப்பக்கத்தில் விளக்கமும் வலப்பக்கத்தில் பயிற்சியுமாக ஒவ்வொன்றும் இரண்டு பக்கங்களில் முடிந்துவிடும். எளியதிலிருந்து கடினத்திற்குச் செல்லும் வரிசை அதில் இல்லை என்பதால், தொடக்கத்திலிருந்து இறுதிவரை தொடர்ச்சியாகப் படிக்க வேண்டாம் என்று நூலின் முன்னுரையே சொல்கிறது. பின்பகுதியில் ஒரு வழிகாட்டித் தேர்வு இருக்கிறது. எந்தக் கேள்வியில் தடுமாறுகிறீர்களோ அதற்குரிய அலகின் எண் பக்கத்திலேயே கொடுக்கப்பட்டிருக்கும். கடந்தகாலத்தையும் 'ஹேவ்' வடிவத்தையும் அருகருகே வைத்து ஒப்பிடும் அலகுகளும் அதில் உண்டு. நீங்கள் தொடங்க வேண்டிய இடம் அதுதான்.

பதில்: யாழ்ப்பாண வாசகன்

ஆசிரியை அவர்களின் விளக்கத்தோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் வரிசையே தேவையில்லை என்ற முடிவுக்கு வாசகர்கள் வந்துவிடக்கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். 'பி', 'ஹேவ்', 'டூ' ஆகிய மூன்று துணைவினைகளும் கேள்வியிலும் எதிர்மறையிலும் எப்படி இயங்குகின்றன என்பது கைவராத ஒருவர், தமக்குப் பிடித்த பாடத்திற்குத் தாவினால் அங்கும் தடுக்கி விழுவார். எங்கள் ஊரில் பதினோராம் வகுப்பின் முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சையில் ஆங்கிலத்தில் சித்தியடைந்தவர்களிலும் பலர் இந்த அடித்தளம் உறுதியாக இல்லாமலே, வெளிநாட்டுப் படிப்புக்கும் குடியேற்றத்துக்கும் கேட்கப்படும் ஆங்கிலத் தேர்வான ஐ.ஈ.எல்.டி.எஸ். பரீட்சைக்கு ஆயத்தமாகிறார்கள். அவர்களுக்கு முதலில் வரிசைதான் மருந்து. கேள்வி கேட்டவர் அந்தக் கட்டத்தைக் கடந்துவிட்டார் என்பது அவருடைய வாக்கியங்களிலிருந்தே தெரிகிறது.

ஐ.ஈ.எல்.டி.எஸ். பரீட்சையின் எழுத்துப் பகுதியில் நான்கு அளவுகோல்களுக்குச் சம அளவு மதிப்பு உண்டு. இலக்கணம் அவற்றுள் ஒன்று மட்டுமே, அதிலும் பிழையின்மையோடு வாக்கிய அமைப்புகளின் பரப்பும் பார்க்கப்படுகிறது. பிழை வந்துவிடுமோ என்று அஞ்சிச் சிறு வாக்கியங்களையே அடுக்குபவர்களுக்கு ஒரு எல்லைக்கு மேல் புள்ளி ஏறாததற்குக் காரணம் இதுதான்.

கால அளவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மொழித்திறனை அளக்க 2001இல் ஐரோப்பிய அவை வெளியிட்ட ஆறு நிலை அளவுகோலில், இரண்டாவதான ஏ2 நிலையை எட்டச் சுமார் 180 முதல் 200 மணி நேரமும், மூன்றாவதான பி1 நிலையை எட்டத் தொடக்கத்திலிருந்து 350 முதல் 400 மணி நேரமும் வழிகாட்டலுடன் கூடிய படிப்பு தேவைப்படும் என்பது கேம்பிரிட்ஜ் தேர்வு நிறுவனம் தரும் மதிப்பீடு. பேருந்து நிலையக் கடைகளில் தொங்கும் முப்பது நாள் புத்தகங்களை இந்தக் கணக்கோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். பணம் கட்டிச் சேரும் வகுப்பைத் தெரிவு செய்யும்போது நான் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: நான் எழுதும் பந்தியை ஓர் ஆசிரியர் வாசித்துத் திருத்தித் தருவாரா? கோடிட்ட இடம் நிரப்புவதும் சரியான விடைக்கு அடையாளமிடுவதும் மட்டும்தான் என்றால், அதே வசதி பிரிட்டிஷ் கவுன்சிலின் இணையதளத்தில் நிலை வாரியாக இலவசமாகவே கிடைக்கிறது.

கோவைக் கணக்கர்

இருவருக்கும் மிக்க நன்றி. 'என்று' பற்றிய விளக்கத்தைப் படித்த பிறகு, அனுப்பிய மின்னஞ்சல்களைத் திறந்து பார்த்தேன். அதே அமைப்பு பல இடங்களில் இருக்கிறது. இன்னொரு ஐயம்: 'ஏ', 'த' ஆகிய ஆர்ட்டிகிள்களுக்கு எங்கள் வகுப்பில் நீண்ட விதிப்பட்டியல் ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள். ஆறுகளுக்கு 'த' வரும், ஏரிகளுக்கு வராது என்பது போன்றவை. இவை அனைத்தையும் மனப்பாடம் செய்ய வேண்டுமா?

பதில்: சென்னை மெய்ப்புத் திருத்துநர்

ஆறும் ஏரியும் உங்கள் விலைப்பட்டியலில் வரும் வரை அவற்றைத் தள்ளி வையுங்கள். உங்களுக்கு உடனடியாகத் தேவைப்படுவது வேறு. தமிழில் "கடிதம் கிடைத்தது" என்று பெயர்ச்சொல் தனித்து நிற்கலாம். ஆங்கிலத்தில், எண்ணக்கூடிய ஒரு பொருளின் ஒருமைப் பெயர், பழகிப்போன சில தொடர்களைத் தவிர, அப்படித் தனித்து நிற்காது. அதற்கு முன்னால் 'ஏ', 'த', 'யுவர்', 'திஸ்' என ஏதாவது ஒன்று வந்தாக வேண்டும். ஆகவே "வி ரிசீவ்டு லெட்டர்" பிழை. 'ஏ'வா 'த'வா என்பதைத் தீர்மானிக்க, நான் எந்தக் கடிதத்தைச் சொல்கிறேன் என்பது படிப்பவருக்குத் தெரியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். "வி ரிசீவ்டு ஏ கம்ப்ளெய்ன்ட் ஃப்ரம் யுவர் சூரத் பிராஞ்ச்" என்று முதலில் எழுதும்போது அவருக்கு அது புதிய செய்தி. அடுத்த வாக்கியத்தில் "த கம்ப்ளெய்ன்ட்" என்றால் எதைக் குறிக்கிறது என்று அவருக்குத் தெரியும். திருத்தத்திற்கு என்னிடம் வரும் கட்டுரைகளில், ஆர்ட்டிகிள் பிழைகளுள் பெரும்பாலானவை இந்த இரண்டில் அடங்கிவிடுகின்றன. நீங்கள் அனுப்பிய பழைய மின்னஞ்சல் ஒன்றை அச்செடுத்து, அதில் உள்ள ஒவ்வொரு பெயர்ச்சொல்லையும் வட்டமிட்டு இந்த இரண்டையும் சோதித்துப் பாருங்கள். கற்பனை வாக்கியங்களைவிட இது விரைவில் பிடிபடும்.

பதில்: நெல்லை ஆசிரியை

ஒரு சிறு சேர்க்கை. கட்டணம் கட்டிவிட்டதால் வகுப்பை விட வேண்டியதில்லை. தெரிந்த பாடங்களின் விளக்கத்தைத் தாண்டித் தேர்வை மட்டும் எழுதி, அயற்கூற்றுப் பாடம் திறக்கும் இடம் வரை விரைந்து செல்லுங்கள். உங்கள் இரண்டாம் வாக்கியத்திற்குரிய விதியைப் பெரும்பாலான வகுப்புகளில் தனித் தலைப்பாகக் கொடுக்காமல் அதற்குள்தான் வைத்திருப்பார்கள். அங்கே பாடம் முடிந்ததும், தேர்வில் உள்ள வாக்கியங்களோடு நிறுத்திவிடாமல், பணம் எப்போது வரும், சரக்கு எங்கே நிற்கிறது, எத்தனை பெட்டி தேவை என்று உங்கள் வாடிக்கையாளரிடம் வழக்கமாகக் கேட்பவற்றை 'கைண்ட்லி இன்ஃபார்ம்' என்று தொடங்கி எழுதி, விரும்பினால் இந்த இழையிலேயே இடுங்கள்; பார்த்துச் சொல்கிறேன்.