விட்சர்: அடுத்து கேமா, புத்தகமா?

கேள்வி: நெட்ஃபிளிக்ஸில் 2019-இல் வந்த, அரக்கர்களை வேட்டையாடுபவனைப் பற்றிய விட்சர் தொடரின் முதல் சீசனைப் பார்த்தேன். மூன்று முக்கியக் கதாபாத்திரங்களின் கதையும் வெவ்வேறு காலத்தில் நடக்கிறது என்பதே ரொம்ப நேரம் கழித்துதான் புரிந்தது. அடுத்து விட்சர் 3 வீடியோ கேமை விளையாடலாமா, இல்லை புத்தகம் படிக்கணுமா?

பதில்: புத்தகம்தான் ப்ரோ, அதிலும் சிறுகதைகள். போலந்து எழுத்தாளர் சப்கோவ்ஸ்கியின் முதல் விட்சர் கதை 1986-லேயே வந்துவிட்டது. பழைய தேவதைக் கதைகளை எடுத்து, இதில் உண்மையான அரக்கன் யார் என்று யோசிக்க வைக்கிறார், அந்தக் கசப்பு தொடரில் பாதிகூட வரவில்லை.

பதில்: நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கேமில் பிளடி பேரன் என்று ஒரு ஆள் வருவான், குடித்துக் குடும்பத்தையே சிதைத்தவன், அவனை வெறுக்கவும் முடியாது மன்னிக்கவும் முடியாது. அதற்காகவே விளையாடலாம்.

பதில்: சரி, ஆனால் கேம் நடப்பது நாவல்களுக்குப் பிறகு. முதலில் விளையாடினால் யார் பிழைக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும்.