பினாங்கில் தொலைக்காட்சித் தொடர் எடுக்கப்பட்ட இடங்களை வழிகாட்டியுடன் நடந்து பார்த்தல்: வயதான அம்மாவை அழைத்துச் செல்லலாமா?

செந்தூல் மகள்:

அனைவருக்கும் வணக்கம். வரும் பள்ளி விடுமுறையில் என் அம்மாவைப் பினாங்கிற்கு அழைத்துச் செல்ல எண்ணியிருக்கிறேன். அம்மாவுக்கு 72 வயது. கோலாலம்பூரின் செந்தூலில் வீட்டிலிருந்தபடியே துணி தைத்து எங்கள் மூவரையும் படிக்க வைத்தவர். சிங்கப்பூர்த் தொலைக்காட்சியில் 2008ஆம் ஆண்டு வெளிவந்த ‘தி லிட்டில் நியோன்யா’ என்ற சீனத் தொடரின் 34 பகுதிகளையும், சீனத்தில் ஒரு சொல்கூடத் தெரியாத அவர், திரையின் அடியில் ஓடும் மலாய் வரிகளை வாசித்தபடியே பார்த்து முடித்தார். பிறகு குறுந்தட்டுகள் வாங்கி மேலும் இரண்டு முறை பார்த்தார். காது கேளாத, வாய் பேசாத ஜூசியாங் என்ற பெண் சமையலிலும் மணித்தையலிலும் தன் மனத்தைச் சொன்ன விதம் அவரை மிகவும் பாதித்தது. அந்தத் தொடரின் காட்சிகள் பல பினாங்கில் எடுக்கப்பட்டவை என்று அறிந்த நாளிலிருந்து, ‘அந்த வீட்டை ஒருமுறை பார்த்துவிட வேண்டும்’ என்கிறார்.

பினாங்கின் தலைநகரான ஜார்ஜ்டவுனில், தொடர்களும் திரைப்படங்களும் எடுக்கப்பட்ட இடங்களை வழிகாட்டியுடன் நடந்து பார்க்கும் அரைநாள் சுற்றுலாக்கள் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். ஆனால் எனக்குத் தயக்கமும் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன்பு வேறோர் ஊரில் இப்படிப்பட்ட நடை ஒன்றில் சேர்ந்தேன். வழிகாட்டி மூடிய வாயிற்கதவுகளின் முன் எங்களை நிறுத்தி, கைப்பேசியில் தொடரின் படத்தைக் காட்டி, இந்த இடம்தான் அது என்று சொல்லிவிட்டு அடுத்த கதவை நோக்கி நடந்தார். மூன்று மணி நேரத்தில் ஒரு வீட்டின் உட்புறத்தையும் நான் காணவில்லை. அதே ஏமாற்றம் அம்மாவுக்கு நேரக் கூடாது. அவருக்கு முழங்கால் வலி வேறு. வழிகாட்டியுடன் போவது நல்லதா, நாங்களே பார்த்துக்கொள்வது நல்லதா? தமிழில் விளக்கக்கூடியவர்கள் கிடைப்பார்களா?

கடைத்தெருக்காரர்:

வணக்கம் சகோதரி. உங்கள் அம்மா தேடும் வீடு, சர்ச் ஸ்திரீட் என்று நாம் இன்னமும் அழைக்கும் லெபோ கெரெஜாவில் பச்சை நிறத்தில் நிற்கும் பினாங்கு பெரானாக்கான் மாளிகையாகும். இப்போது அது அருங்காட்சியகம். நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு எவரும் உள்ளே போகலாம். ஆகவே மூடிய கதவைப் பார்த்துத் திரும்பும் துன்பம் அங்கே இல்லை.

ஒரு செய்தியை அம்மாவிடம் முன்பே சொல்லிவிடுங்கள். அது நியோன்யா குடும்பம், அதாவது மலாய் வழக்கங்களோடு கலந்து பல தலைமுறைகளாக இங்கே வாழும் பெரானாக்கான் சீனக் குடும்பம் ஒன்று கட்டிய வீடு அன்று. 1890களில் அதை எழுப்பியவர் சுங் கெங் குவீ என்ற ஹக்கா சீனர். சீனாவிலிருந்து வந்து, பேராக் மாநிலத்து லாருட் ஈயச் சுரங்கங்களில் பெரும் செல்வம் திரட்டி, ஹாய் சான் என்ற சீன இரகசியச் சங்கத்தின் தலைவராகி, பேராக்கின் சீனக் கப்பித்தானாக, அதாவது சீனச் சமூகத்தின் தலைவராக, உயர்ந்தவர். ஹாய் சானும் அதன் எதிரிச் சங்கமான கீ ஹின்னும் லாருட்டில் இரத்தம் சிந்திப் போரிட்ட வரலாறும், அதன் முடிவில் 1874இல் பங்கோர் உடன்படிக்கை கையெழுத்தானதும் நாம் பள்ளியில் படித்தவைதாம். அந்தக் கீ ஹின் சங்கத்தின் இருப்பிடமாக விளங்கிய மனையை வாங்கி, அதே இடத்தில் அவர் தம் இல்லத்தையும் அலுவலகத்தையும் அமைத்தார். பக்கத்தில் குடும்பக் கோயில் உள்ளது. அவருடைய ஆளுயர வெண்கலச் சிலையை அங்கே காணலாம். ஸ்காட்லாந்து வார்ப்பிரும்புத் தூண்கள், இங்கிலாந்துத் தரை ஓடுகள், சீனத்து மரச்செதுக்குகள் ஆகிய அனைத்தும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. பாபா நியோன்யா வாழ்க்கையைக் காட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பழம்பொருள்கள் பின்னாளில் திரட்டி வைக்கப்பட்டவை.

உங்கள் அம்மா தையற்கலைஞர் என்பதால் ஒன்றை வலியுறுத்திச் சொல்கிறேன். நியோன்யா பெண்கள் அணியும் கெபாயா என்ற மேற்சட்டையின் முன்விளிம்பில் காணும் நுண்ணிய துளைப்பூ வேலை பெரும்பாலும் கால்மிதித் தையல் எந்திரத்தில் செய்யப்பட்டது. துணியை மெல்ல வெட்டித் துளையிட்டு, அந்தத் துளையின் ஓரத்தை நூலால் கட்டிக்கொண்டே போக வேண்டும். கடுகினும் சிறிய கண்ணாடி மணிகளைச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணியில் ஒவ்வொன்றாகத் தைத்துச் செய்த காலணிகளும் அங்கே உள்ளன. தொடரை மறந்துவிட்டு இவற்றின் முன் உங்கள் அம்மா அரைமணி நேரம் நின்றாலும் வியப்பில்லை. அவரை அவசரப்படுத்தும் குழுவில் சேராதீர்கள். மாளிகையிலேயே விளக்கம் சொல்பவர்கள் இருக்கிறார்கள். என் கருத்தில் உங்களுக்கு அவர்களே போதும்.

நீலப்பட்டை வழிகாட்டி:

வணக்கம். ஜார்ஜ்டவுனில் உரிமம் பெற்ற வழிகாட்டியாகப் பணிபுரிகிறேன். தமிழிலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் விளக்குகிறேன். தமிழில் சொல்பவர்கள் இங்கு உண்டு. ஆனால் பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். 1992ஆம் ஆண்டின் சுற்றுலாத் தொழில் சட்டப்படி, கட்டணம் பெற்று வழிகாட்டுபவர் சுற்றுலா அமைச்சின் உரிமம் வைத்திருக்க வேண்டும். நகர வழிகாட்டிக்கு நீல அட்டையும், குறிப்பிட்ட இயற்கைப் பகுதிகளில் மட்டும் வழிகாட்டுபவருக்குப் பச்சை அட்டையும் வழங்கப்படுகின்றன. கழுத்தில் அட்டை தொங்குகிறதா என்று பாருங்கள்.

சகோதரி சொன்ன அந்த நடை எனக்கும் வேதனை தருகிறது. படமான இடங்களைச் சுற்றிக் காட்டுவது எளிதென்று நினைத்து இறங்குபவர்கள் செய்யும் தவறு அது. ஒரே கோணத்தில் நின்று திரையையும் தெருவையும் ஒப்பிடுவதற்கு ஒரு நிமிடம் போதும், அதன் பிறகு சொல்வதற்கு வழிகாட்டியிடம் என்ன இருக்கிறது என்பதே கேள்வி. அந்தக் காட்சிக்காக எந்தக் கடையின் பெயர்ப்பலகை மறைக்கப்பட்டது, எது உண்மைச் சுவர், எது பலகையில் வரைந்த சுவர், படக்குழு போன பிறகு அந்த வீட்டில் யார் வாழ்கிறார்கள் என்பவற்றைச் சொல்லத் தெரிந்தவரே இந்த வேலைக்குப் பொருத்தமானவர். பதிவு செய்வதற்கு முன்பு மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: எத்தனை இடங்களில் உள்ளே நுழைவோம், நுழைவுக் கட்டணம் சேர்ந்ததா, குழுவில் எத்தனை பேர்? பத்துப் பேருக்கு மேல் இருந்தால் பின்வரிசையில் நடக்கும் முதியவருக்கு ஒன்றும் காதில் விழாது.

பினாங்கு தன் சொந்தப் பெயரில் திரையில் தோன்றியதைவிட வேறு ஊர்களின் பெயரில் தோன்றியதே மிகுதி என்பது என் கணிப்பு. உங்கள் அம்மா பார்த்த தொடரின் கதை மலாக்காவில் நடக்கிறது. ஆனால் அது பினாங்கு, மலாக்கா, ஈப்போ ஆகிய ஊர்களில் எடுக்கப்பட்டது. ஆகவே திரையில் ஒரே வீடாகத் தெரிவதை ஒரே இடத்தில் தேட முடியாது. வாசல் ஓர் ஊரிலும் தெரு வேறோர் ஊரிலும் இருக்கலாம். லெபோ லெய்த்திலுள்ள நீல மாளிகை 1992இல் வெளிவந்த ‘இந்தோசீன்’ என்ற பிரெஞ்சுப் படத்தில் இடம்பெற்றது. 2018இல் வெளிவந்த ‘கிரேசி ரிச் ஏஷியன்ஸ்’ படத்தில் சிங்கப்பூரில் நடப்பதாக வரும் மாஜோங் ஆட்டக் காட்சியும் அங்கேதான் எடுக்கப்பட்டது. சியோங் ஃபாட் சே என்ற பெருவணிகர் 38 அறைகளும் ஐந்து முற்றங்களும் 220 சன்னல்களும் அமைத்துக் கட்டிய அந்த மாளிகை, 1989க்குப் பிறகு பல ஆண்டுகள் பொறுமையாகச் செப்பனிடப்பட்டு, 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுரிமைப் பாதுகாப்பு விருதைப் பெற்றது. இப்போது அது தங்கும் விடுதியாகவும் இயங்குகிறது. உள்ளே சுற்றிப் பார்க்கும் நேரத்தை முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

முழங்கால் வலியைப் பற்றி: பச்சை மாளிகைக்கும் நீல மாளிகைக்கும் இடையே ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தொலைவு இருக்கும். வரைபடத்தில் சிறிதாகத் தோன்றும். ஆனால் நம் அஞ்சடி, அதாவது கடைகளின் முன் கூரையின் கீழ் ஓடும் நடைபாதை, ஒரே மட்டமாக இராது. ஒவ்வொரு கடைவாசலிலும் ஒரு படி ஏறி ஒரு படி இறங்க வேண்டும். நடுவில் மோட்டார் சைக்கிள்களும் பூச்சட்டிகளும் இருக்கும், தெருவில் இறங்கி நடக்க நேரிடும். காலை எட்டரை மணிக்குத் தொடங்கிப் பதினொன்றுக்குள் முடிப்பதே நல்லது. நகர மையத்தைச் சுற்றிவரும் கட்டணமில்லாத கேட் பேருந்தும் உண்டு. நடையை இரண்டு காலைகளாகப் பிரித்துக்கொண்டால் இன்னும் நல்லது.

கொடிமலைவாசி:

வணக்கம். மேலே எழுதிய இருவரும் கீழ்நகரத்தைப் பற்றியே சொல்லியிருக்கிறார்கள். தமிழர்களாகிய நாம் இத்தகைய சுற்றில் முதலில் பார்க்க வேண்டியது கொடிமலை என்று நாம் அழைக்கும் பினாங்கு மலை என்பது என் உறுதியான எண்ணம்.

பிரிட்டனின் சேனல் 4 ஒளிபரப்பிய ‘இந்தியன் சம்மர்ஸ்’ என்ற தொடர் 1932ஆம் ஆண்டின் ஷிம்லாவில் தொடங்கும் கதை. 2015, 2016 ஆகிய ஆண்டுகளில் இரண்டு பருவங்கள் வெளிவந்தன. இன்றைய ஷிம்லாவில் பழைய கட்டடங்களைச் சுற்றிப் புதியவை முளைத்துவிட்டதாலும், மழைக்காலம் படப்பிடிப்புக்கு இடையூறாக இருந்ததாலும், படக்குழு பினாங்கைத் தேர்ந்தெடுத்தது. மலைமேல் இருக்கும் கிரேக் விடுதி ஆங்கிலேயரின் கேளிக்கை மன்றமாக மாற்றப்பட்டது. சார்க்கீஸ் சகோதரர்கள் நடத்திய அந்த விடுதி, பிற்காலத்தில் 1977 வரை பள்ளிக்கூடமாகவும் இருந்தது. ஷிம்லா ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்தில் தேவதாரு மரங்களுக்கிடையே இருக்கும் ஊர். நம் மலையோ 833 மீட்டர்தான், இங்கே காற்றில் ஆடுபவை மரப்பெரணிகள். தொடரை மீண்டும் பாருங்கள்: இமயமலைக் காட்சியின் ஓரத்தில் நம் பெரணி இலை தெரியும்.

2014இல் அந்தப் படப்பிடிப்பில் கூட்டத்தில் நிற்கும் துணை நடிகனாக மூன்று நாள் வேலை செய்தேன். தலைப்பாகை கட்டிவிட்டு வெயிலில் நிற்க வைத்தார்கள். சாப்பாடு நன்றாக இருந்தது, சம்பளமும் சரியாகக் கிடைத்தது. ஆனால் எனக்குள் ஓர் உறுத்தல் எழுந்தது. வெள்ளைக்காரருக்குப் பின்னால் சுமைதூக்கியாக நான் நின்ற அதே மலையில், 1923இல் மலை இரயில் ஓடத் தொடங்குவதற்கு முன்பு, துரைமார்களையும் அவர்களுடைய மனைவிமார்களையும் டோலியில் வைத்துத் தோளில் சுமந்து ஏறியவர்கள் நம் முன்னோர். கதை ஷிம்லாவைப் பற்றியது என்பதால் அவர்களைப் பற்றி அதில் ஒரு சொல்லும் வர வழியில்லை. அதைத் தொடரின் குற்றமாக நான் சொல்லவில்லை. ஆனால் தமிழர் குழுவை மலைக்கு அழைத்துவரும் வழிகாட்டி, கதாநாயகன் நின்ற படிக்கட்டைக் காட்டிவிட்டு, மலையுச்சியில் இருக்கும் அருளொளி திருமுருகன் ஆலயத்தைக் காட்டாமல் இறங்கினால் அதை நான் ஏற்கமாட்டேன். அந்தக் கோயிலின் முன் நின்று சுமந்தவர்களின் கதையைச் சொல்ல வேண்டும்.

நகர மையத்திலுள்ள கொம்தார் கட்டடத்திலிருந்து 204ஆம் எண் பேருந்து மலையடிவாரம் வரை வரும். கிரேக் விடுதிக்குள் போக முடியும் என்று எண்ணி வராதீர்கள், முதலில் விசாரியுங்கள்.

நீலப்பட்டை வழிகாட்டி:

கொடிமலைவாசி அண்ணன் சொன்னதில் டோலி சுமந்தவர்களின் கதையைச் சொல்லியே ஆக வேண்டும் என்பதை முழுமையாக ஏற்கிறேன், நானும் சொல்கிறேன். ஆனால் எதை முதலில் பார்க்க வேண்டும் என்பதில் உடன்பட முடியவில்லை. ஒருவர் எந்தத் தொடரால் ஈர்க்கப்பட்டு இந்த ஊருக்கு வருகிறாரோ, அந்தத் தொடரிலிருந்தே பேச்சைத் தொடங்க வேண்டும். ஜூசியாங்கைத் தேடி வரும் ஒரு தாயிடம், முதலில் மலைக்குப் போவோம் என்றால் அவர் மனம் கீழே அந்த வீட்டிலேயே இருக்கும். வீட்டைப் பார்த்து நிறைவடைந்த பிறகு, மறுநாள் மலைக்கு அழைத்துப் போய் முருகன் கோயில் வாசலில் அமரவைத்துச் சொன்னால், அவரே கேள்வி கேட்பார்.

கொடிமலைவாசி:

அந்தத் தாயைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது சரி, தம்பி. இளைஞர்கள் வந்தால் மட்டும் என் வரிசைப்படி செய்யுங்கள்.

செந்தூல் மகள்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. உங்கள் மறுமொழிகளை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். வீடு உண்மையில் ஈயச் சுரங்க முதலாளி ஒருவருடையது என்று கேட்டதும் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, ‘துளைப்பூ வேலையைக் கால் மிஷினிலா செய்தார்கள்?’ என்று மட்டும் கேட்டார். அவருடைய பழைய கால்மிதி எந்திரம் இன்னும் எங்கள் வீட்டுக் கூடத்தில்தான் இருக்கிறது.

இரயிலில் பட்டர்வொர்த் வந்து, அங்கிருந்து ஃபெரியில் கடந்து, அன்று ஓய்வெடுத்துக்கொள்வோம். மறுநாள் காலை பச்சை மாளிகை மட்டும், அதற்கடுத்த நாள் காலை மலையும் முருகன் கோயிலும். நீல மாளிகையை அம்மாவின் கால் நிலையைப் பார்த்து முடிவு செய்வோம். தனியாக எங்கள் இருவருக்கும் மட்டும் தமிழில் விளக்கும் வழிகாட்டியை அமர்த்திக்கொள்ள விரும்புகிறேன். மாளிகைக்குள் அம்மா உட்கார இடம் இருக்குமா?

கடைத்தெருக்காரர்:

காட்சிக்கு வைத்த நாற்காலிகளில் உட்காரக் கூடாது. பணியாளர்களிடம் வயதைச் சொல்லிக் கேட்டால் சாதாரண நாற்காலி ஒன்று தருவார்கள் என்று நம்புகிறேன். கீழ்த்தளத்து நடுமுற்றத்தின் ஓரம் நல்ல இடம். மழை பெய்தால் அப்படியே அங்கே காத்திருங்கள். கூரையின் நான்கு பக்கமும் தண்ணீர் உள்முற்றத்தில் இறங்குவதை அம்மா பார்க்கட்டும். ஈரக் கல்லில் வழுக்கும், ஆகவே அவருக்கு ரப்பர் அடி வைத்த செருப்பு எடுத்து வாருங்கள்.