மூச்சை 7 எண்ணி அடக்கணுமா, கூடாதா?

மூலன்அடிப்பொடி: நீட் எழுதப் போற பிள்ளைங்க எல்லாம் அனிச்சம்பூ. முகர்ந்தாலே வாடிடும். தேர்வறையில் படபடப்பு வந்தா 4 எண்ணி இழு, 7 எண்ணி அடக்கு, 8 எண்ணி விடு. அவ்வளவுதான் மன உறுதி. இதுக்குப் போய் கவுன்சலிங்காம்!

சுவாசக்கணக்கு: அந்த 7-ஐ யார் கேட்டா? படபடப்பில் இருக்கிறவன் ஏற்கெனவே தேவைக்கு மேல் மூச்சு வாங்குறான். ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைஞ்சு, மூளைக்குப் போற ரத்தக்குழாய் சுருங்குது. அதான் தலை லேசாகுது, விரல் நுனி மரமரங்குது, ஓஎம்ஆர் வட்டம் மங்குது. அந்த நேரத்தில் அடக்கச் சொன்னா மூணு எண்றதுக்குள்ள திணறி, வாயைத் திறந்து பெருசா இழுப்பான். மறுபடி முதல்ல இருந்து. 4 இழு, 6 விடு, மூக்கு வழியா. அடக்காதே.

மூலன்அடிப்பொடி: அடக்கினா கார்பன் டை ஆக்சைடு ஏறும். குறையுதுன்னு சொன்னது நீங்க. அப்போ அடக்குறதுதானே மருந்து? தவளையும் தன் வாயால்…

சுவாசக்கணக்கு: 7 வரை தாக்குப்பிடிச்சா ஏறும். பிடிக்க முடியாதுங்கிறதுதான் என் பேச்சே. மெதுவா விட்டாலே ஏறும்.

தேநீர்ப்பிரியை: மன உறுதின்னா என்னன்னு முதல்ல சொல்லிட்டு சண்டை போடலாமே?

மூலன்அடிப்பொடி: திருமூலர் 16 இழுத்து, 64 அடக்கி, 32 விடச் சொன்னார். பாட்டனுக்கு 64, பேரனுக்கு 7 முடியலையாம்.

சுவாசக்கணக்கு: அவர் சொன்னது யோகத்துக்கு, ஓஎம்ஆர் தாளுக்கு இல்ல. அந்தக் கணக்கைச் சுருக்கினா 1:4:2. அதாவது 4 இழுத்தா 16 அடக்கணும். உங்க 4-7-8 ஆண்ட்ரூ வெயில்னு ஒரு அமெரிக்க டாக்டர் பரப்பினது. பாட்டன் சொத்துக்குப் பட்டா மாத்தாதீங்க.

மூலன்அடிப்பொடி: அவரே பிராணாயாமத்திலிருந்து எடுத்ததாத்தான் சொல்றார். தெரியாதா, மறைக்கிறீங்களா?

வேலூர்வாத்தி: மூச்சுப் பஞ்சாயத்தை மே மாசம் வச்சா எப்படி? ஜனவரியிலிருந்தே ஞாயிறு மதியம் 2 முதல் 5 வரை மாதிரித் தேர்வு வைக்கணும். 180 கேள்வி, 180 நிமிஷம், நடுவில் எழுந்திரிக்கக் கூடாது. பிசிக்ஸை முதல்ல திறந்து வரிசையா மூணு கணக்கு வரலைன்னா அங்கதான் சரிவு ஆரம்பம். உடனே பேனாவை வச்சிட்டு 12 மூச்சு, ரெண்டு நிமிஷம். அப்புறம் தெரிஞ்ச பயாலஜி கேள்வி அஞ்சு போட்டுட்டுத் திரும்பி வரணும். தப்பு விடைக்கு 1 மார்க் போகும், விட்ட கேள்விக்கு ஒண்ணும் போகாது. இது கையில் படியாதவன்தான் பதறுவான்.

மூலன்அடிப்பொடி: ரெண்டு நிமிஷமா! 4-7-8 ஒரு சுற்று 19 விநாடி, நாலு சுற்று 76. 44 விநாடி மிச்சம்.

சுவாசக்கணக்கு: மிச்சம் பிடிக்க இதென்ன ரேஷன் சீமெண்ணெயா?

புளியமரத்தடி: பேப்பர் பையில் ஊதினா டக்குனு நின்னுடுமே?

சுவாசக்கணக்கு: அது ஆஸ்துமாவா இருந்தா? வெளியிலிருந்து பார்த்துப் பிரிச்சுச் சொல்ல முடியாது. பைக்குள்ள ஊதினா ஆக்சிஜன் இன்னும் இறங்கும். ஹாலுக்குள்ள பையை விடவும் மாட்டாங்க. தெரியாததில் தலையிடாதீங்க அண்ணே.

புளியமரத்தடி: மரியாதை! போன மாசம் இதே குழுவில் ஐஸ் தண்ணிக் குளியல் பத்தின விவாத இழையில் பதில் சொல்லாம ஓடினது யாருன்னு எல்லாருக்கும் தெரியும்.

சுவாசக்கணக்கு: ஓடல. அந்த இழையை நெறியாளர் பூட்டினார். பூட்ட வச்சதே நீங்க.

தேநீர்ப்பிரியை: தேர்வு முடிஞ்சும் ரெண்டு வாரமா தூக்கம் இல்ல, சாப்பாடு இறங்கலன்னா எந்த எண்ணிக்கையும் உதவாது. 14416, டெலி மானஸ், அரசோட மனநல உதவி எண். எந்நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது.

மூலன்அடிப்பொடி: போன் போட்டா அவங்களும் மூச்சை இழுக்கத்தான் சொல்வாங்க.

சுவாசக்கணக்கு: விடச் சொல்வாங்க.

மூலன்அடிப்பொடி: 7 எண்ணிட்டு.