‘லெஜிபிலிட்டி’க்குக் ‘குறிப்புத்தெளிவு’ சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ரோபோ என்ன செய்யப்போகிறது என்பது அதன் அசைவைப் பார்த்தே சட்டென்று புரிவதை ‘லெஜிபிலிட்டி’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் ‘வாசிப்புத்திறன்’ என்று நேற்று ஒரு பரிந்துரை வந்தது. எனக்கு உடன்பாடில்லை. வாசிப்புத்திறன் வாசிப்பவருக்கு உரியது. இங்கே நமக்கு வேண்டியது அசைவின் தன்மையைச் சொல்லும் சொல்.

2013இல் ஆன்கா டிராகன், கென்டன் லீ, சித்தார்த்த ஸ்ரீநிவாசா என்ற ரோபோ ஆய்வாளர்கள் மூவரும் இதை ‘பிரெடிக்டபிலிட்டி’யிலிருந்து, அதாவது நோக்கம் தெரிந்தவர் எதிர்பார்த்தபடியே அசைவு அமைவதிலிருந்து, பிரித்துக் காட்டினார்கள். மேசையில் அருகருகே இரண்டு பொருள்கள். வலப்பக்கம் உள்ளதைத்தான் ரோபோ எடுக்கும் என்று முன்பே தெரிந்தவர், கை நேராக நீளும் என்று எதிர்பார்ப்பார். தெரியாதவருக்கோ அந்த நேர்கோடு பாதி வழிவரை எதையும் சொல்லாது. கை தொடக்கத்திலேயே வலப்பக்கமாக வளைந்து போனால் அவருக்குச் சட்டென்று புரிந்துவிடும். ஆக, ஒன்று கூடும்போது மற்றது குறையலாம். வெறுமனே ‘தெளிவு’ என்று வைத்தால் இந்த வேறுபாடே போய்விடும்.

அதனால் லெஜிபிலிட்டிக்குக் ‘குறிப்புத்தெளிவு’, பிரெடிக்டபிலிட்டிக்கு ‘எதிர்பார்ப்பிசைவு’ என்று வைக்கலாம்.

குறிப்பு என்றால் சமையல் குறிப்புதான் நினைவுக்கு வரும் என்பீர்கள். ஆனால் ‘குறிப்பறிந்து நடந்துகொள்’ என்று இன்றும் சொல்கிறோமே! திருக்குறளில் ‘குறிப்பறிதல்’ என்ற பெயரில் இரண்டு அதிகாரங்கள் உண்டு: பொருட்பாலில் 71, காமத்துப்பாலில் 110. வாய்விட்டுச் சொல்லாததை முகத்திலும் கண்ணிலும் அறிவதுதான் அங்கே பேச்சு. இவ்வளவு பொருத்தமான வேர்ச்சொல்லை விட்டுவிட எனக்கு மனமில்லை.

சரி, பார்வை, சைகை போன்றவற்றால் நோக்கத்தை வெளிக்காட்டும் ‘சோஷியல் கியூ’வுக்கு என்ன சொல்? அதற்கும் குறிப்பு என்றே போட்டால், உள்ளே இருக்கும் நோக்கமும் அதை வெளிக்காட்டும் அடையாளமும் ஒன்றாகிவிடும். ‘சாடை’ என்று வைக்கலாம். ரீதிங்க் ரோபாடிக்ஸ் 2012இல் கொண்டுவந்த பாக்ஸ்டர் ரோபோவுக்குத் திரையில் கண்கள் இருந்தன. கை எந்தப் பக்கம் போகப்போகிறதோ அந்தப் பக்கம் கண்கள் முதலில் திரும்பும்; பக்கத்தில் வேலை செய்பவர் விலகிக்கொள்ளலாம். இதைக் கண்சாடை என்றால் யாருக்கும் விளக்கவே வேண்டாம். சாடைப் பேச்சு என்றால் குத்திக்காட்டுவது, இலங்கையில் ‘சாடையா நோகுது’ என்றால் இலேசாக வலிக்கிறது என்பதெல்லாம் தெரியும். ‘சமூகச் சாடை’ என்று அடையோடு சொன்னால் அந்தக் குழப்பம் வராது என்று நினைக்கிறேன். இலங்கை நண்பர்கள் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. டிராகனும் ஸ்ரீநிவாசாவும் அப்புறம் 2014இல், எதை எடுக்கப்போகிறது என்று பார்ப்பவருக்குத் தெரியாதபடி ஏமாற்றும் அசைவையும் ஆராய்ந்தார்கள். அதற்குக் ‘குறிப்புமறைப்பு’ என்று தானாகவே சொல் வந்து விழுகிறது. ‘வாசிப்புத்திறன்’ என்று தொடங்கியிருந்தால் இங்கே என்ன செய்திருப்போம்?