குண்டுவீச்சு விமானத்துக்கு ஒற்றைச் சொல்: வீசியா, வீச்சியா?

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

வானூர்தி ஆர்வலர்கள் தங்கள் மனத்துக்குப் பிடித்த குண்டுவீச்சு விமானங்களைப் பற்றி எழுதிய கட்டுரைகளைச் சில வாரங்களாகச் செம்மைப்படுத்தி வருகிறேன். ஒருவருக்கு லங்காஸ்டர், இன்னொருவருக்கு பி-52, மற்றொருவருக்கு வல்கன். செய்திகளில் குறையில்லை, சொல்லில்தான் இடறுகிறது. ஒரே பத்தியில் 'குண்டுவீச்சு விமானம்' என்ற தொடர் ஏழெட்டு முறை வருகிறது. அதன் முன்னே அடைமொழிகள் சேரத் தொடங்கினால் 'நெடுந்தொலைவுக் கனரக மூலோபாயக் குண்டுவீச்சு விமானம்' என்று நீண்டு, படித்து முடிப்பதற்குள் விமானம் இலக்கைத் தாண்டிப் போய்விடுகிறது. இந்தத் தொல்லைக்கு அஞ்சியே பலரும் 'போர் விமானம்' என்று பொதுப்பட எழுதி நகர்ந்துவிடுகிறார்கள். வானில் எதிரி விமானத்தோடு மோதும் சிறு விமானத்துக்கும், எட்டு என்ஜின்களோடு கண்டம் கடந்து செல்லும் பி-52க்கும் ஒரே பெயர் என்றால் ஆர்வலர் கட்டுரைக்கு அது எவ்வகையிலும் பொருந்தாது.

இத்தொல்லை நமக்கு மட்டும் உரியதன்று. ஜெர்மானிய வான்படையும் குண்டுவீச்சு விமானத்தைக் 'கம்ப்ஃப்ஃப்ளுக்சொய்க்' என்றே குறித்தது. அதன் நேர்ப்பொருள் 'போர் விமானம்' என்பதுதான். தலைகீழாகப் பாய்ந்து குண்டு போடும் வகைக்கு அச்சொல்லின் முன்னே 'ஷ்டுர்ட்ஸ்' என்பதைச் சேர்த்தார்கள். அது வாயில் அடங்காத நீளம் என்பதால் சுருக்கிச் 'ஸ்டூகா' என்றார்கள். அந்தச் சுருக்கமே யுங்கர்ஸ் 87 என்ற ஒரு விமானத்தின் பெயராக உலகெங்கும் நிலைத்துவிட்டது. நீளமான தொடரை மக்கள் எப்படியும் சுருக்கத்தான் போகிறார்கள் என்பதற்கு இது சான்று. அந்தச் சுருக்கத்தை நாம் முறையோடு செய்து தருவோம் என்பதே என் வேண்டுகோள்.

முதலில், 'வீசு' என்ற வினை பொருந்துமா என்ற ஐயத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். முந்தைய மடலில் ஒரு நண்பர், குண்டு வீசப்படுவதில்லை, கொக்கியிலிருந்து விடுபட்டுத் தானே விழுகிறது, ஆகவே 'வீச்சு' பிழை என்று எழுதியிருந்தார். நானும் சில நாள் அப்படித்தான் எண்ணியிருந்தேன். 1911 நவம்பர் 1 அன்று லிபியாவில் ஜூலியோ கவோட்டி என்ற இத்தாலிய விமானி சிறு கையெறி குண்டுகளை எடுத்துக் கையாலேயே கீழே எறிந்தார், அன்றைக்கு 'வீச்சு' சரி, அதற்குப் பிறகு அது பழைய நினைவின் எச்சம் மட்டுமே என்பது என் கணிப்பாக இருந்தது.

தாளும் பென்சிலுமாக உட்கார்ந்தபோது கணிப்பு மாறியது. 6,000 மீட்டர் உயரத்தில் மணிக்கு 360 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் விமானத்திலிருந்து ஒரு குண்டை விடுவித்தால், காற்றின் தடையைக் கணக்கில் கொள்ளாதபோது அது தரையைத் தொட ஏறத்தாழ 35 நொடிகள் ஆகும். அந்த 35 நொடியும் விமானத்தின் முன்னோக்கிய வேகம் குண்டோடு ஒட்டியே இருக்கும். அதாவது அது விடுபட்ட இடத்துக்கு நேர் கீழே விழாமல் மூன்றரைக் கிலோமீட்டர் முன்னால் போய் விழும். கை எறியவில்லை என்பது உண்மைதான், ஆனால் விமானத்தின் வேகமே எறிகிறது. குண்டு குறிபார்க்கும் கருவிகள் எல்லாம் இந்த மூன்றரைக் கிலோமீட்டரைக் கணக்கிடப் பிறந்தவையே. எனவே 'வீச்சு' பிழையன்று, மிகச் சரியான இயற்பியல். ஸ்டூகா போன்றவை ஏறக்குறையச் செங்குத்தாகப் பாய்ந்தது இந்த வீச்சைக் குறைத்துக் குறி தவறாமல் போடுவதற்குத்தான் என்பதும் அப்போதுதான் எனக்கு முழுமையாக உறைத்தது. 1943 மே மாதத்தில் ஜெர்மானிய அணைகளைத் தாக்கிய லங்காஸ்டர்கள், நீரிலிருந்து 18 மீட்டர் உயரத்தில் பறந்து, பின்னோக்கிச் சுழன்றுகொண்டிருந்த உருளைக் குண்டை விடுவித்தன. குளத்தில் ஓட்டுச் சில்லை எறிந்து தத்தவிடுவது போல அக்குண்டு நீர்மேல் தத்திச் சென்று அணைச்சுவரைச் சேர்ந்தது. அதை வீச்சு என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?

வினை உறுதியானால் விகுதி எளிது என்று நினைத்தேன். பேசு, பேசி, தொலைபேசி. தாங்கு, தாங்கி, இடிதாங்கி. அவ்வழியே வீசு, வீசி, குண்டுவீசி. இலக்கணத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் வாக்கியத்தில் வைத்துப் பார்த்தவுடன் கால் வழுக்குகிறது. 'நகரைக் குண்டு வீசித் தாக்கியது' என்பதில் 'வீசி' வினையெச்சம், ஆகவே வல்லினம் மிகுகிறது. 'நகரைக் குண்டுவீசி தாக்கியது' என்றால் 'குண்டுவீசி' எழுவாய், வல்லினம் மிகாது. இரண்டுக்கும் இடையே காவலாக நிற்பவை ஒரு 'த்'தும் ஒரு வெற்றிடமும் மட்டுமே. நம் செய்தித்தாள்கள் முதலில் கைவிட்டவையும் அவைதான். 'தொலைபேசி'க்கு இந்த ஆபத்து இல்லை, ஏனெனில் யாரும் 'தொலை பேசி விட்டு வந்தேன்' என்று எழுதுவதில்லை. 'குண்டு வீசி' என்பதோ போர்ச் செய்திகளில் நாள்தோறும் வரும் தொடர்.

ஆகவே என் பரிந்துரை 'குண்டுவீச்சி'. பெயர்ச்சொல்லோடு 'இ' விகுதி சேருமா என்று கேட்பவர்கள் தாம் அமர்ந்திருக்கும் நாற்காலியைக் கேட்டுப் பார்க்கலாம். நான்கு கால்களை உடையது நாற்காலி, வில்லை உடையவன் வில்லி, குண்டுவீச்சை உடையது குண்டுவீச்சி.

இதன் பெரும்பயன் கூட்டுச்சொற்களில் தெரியும். அடைமொழி வரும்போது 'குண்டு' விலகி நின்றுகொள்ளலாம். பாய்ந்து போடுவது பாய்வீச்சி. கனரக வகையைக் 'கனவீச்சி' என்றால் கனவு குறுக்கே வருகிறது, ஆகவே பெருவீச்சி. நெடுந்தொலைவு செல்வது நெடுவீச்சி. 'வீச்சு' என்பது எட்டும் தொலைவையும் குறிப்பதால் 'நெடுவீச்சுக் குண்டுவீச்சு விமானம்' என்று இரட்டிப்பாக எழுதிக்கொண்டிருந்தோமே, அந்தக் குறையே இங்கு நிறைவாகிவிடுகிறது. ராடாரில் எளிதில் தென்படாத பி-2 வகைக்குக் 'கரவுவீச்சி'. 'ராடாரில் சிக்காத விமானம்' என்று எழுதுவதை இனியாவது விட்டுவிடலாம். ராடார் எதிரொலியை மிகவும் குறைத்திருக்கிறார்களே தவிர முற்றாக அழிக்கவில்லை. 'கரவு' மறைத்தலையும் வஞ்சத்தையும் ஒருசேரக் குறிக்கும் பழஞ்சொல், ஆகவே மிகைப்படுத்தாமலேயே பொருளைத் தருகிறது.

கைவிட்ட சொற்களையும் பதிந்துவைக்கிறேன். 'குண்டூர்தி' சுருக்கமாக இருந்தாலும் குண்டு வைத்து வெடிக்கச் செய்யும் ஊர்தி என்றோ, பருத்த ஊர்தி என்றோ பொருள்படும். 'குண்டுபொழி விமானம்' இரண்டாம் உலகப் போருக்குப் பொருந்தும். சிறகின் கீழ் ஏவுகணைகளைத் தாங்கிப் பறக்கும் இன்றைய ரஷ்ய டியூ-95 எதையும் பொழிவதில்லை. 'இடு' என்ற அழகிய வினையைக் கொண்டு ஒருவர் ஆக்கியிருந்த 'குண்டிடுவான்' பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. அதன் முதல் மூன்றெழுத்தை வகுப்பறையில் உச்சரிக்க வேண்டிய ஆசிரியரை மனத்தில் கொண்டு அதைத் திரும்பப் பெறுமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

துணைச்சொற்களுக்கும் முடிவு வேண்டும். விமான வயிற்றில் குண்டுகள் தொங்கும் இடத்துக்குக் 'குண்டறை'. இயந்திர மொழிபெயர்ப்பு ஒன்று அதன் ஆங்கிலப் பெயரான 'பாம் பே'யைக் 'குண்டு விரிகுடா' என்று தந்ததைக் கண்ட பிறகுதான் இதில் அவசரம் தோன்றியது. லங்காஸ்டரை ஆர்வலர்கள் கொண்டாடுவதற்குப் பாதிக் காரணம் அதன் குண்டறைதான். ஏறத்தாழ 10 மீட்டர் நீளத்துக்குக் குறுக்குத் தடுப்பே இல்லாத அந்த அறை இருந்ததால்தான் பத்து டன் எடையுள்ள 'கிராண்ட் ஸ்லாம்' குண்டையும், கதவுகளைக் கழற்றிவிட்டாவது, அதனால் சுமக்க முடிந்தது. மூக்குப்பகுதியின் கண்ணாடிக் குமிழில் குப்புறப் படுத்துக் குறிபார்ப்பவருக்குக் 'குறியாளர்' போதும். பிரெஞ்சில் விமானத்தைக் குறிக்கும் 'பொம்பார்தியே' என்ற சொல்லே அமெரிக்க ஆங்கிலத்தில் இந்த ஆளைக் குறிக்கிறது. நாம் ஆளுக்கு 'ஆளர்' என்றும் பொறிக்கு 'இ' என்றும் பிரித்துவிட்டால் அந்தக் குழப்பம் நமக்கு வராது.

வரிசையாக விடப்படும் குண்டுகளுக்குக் 'குண்டுச்சரம்' என்பது என் விருப்பம், 'சரவெடி' நாம் அறிந்ததே. 1982இல் நடந்த ஃபாக்லாந்துப் போரில், அசென்ஷன் தீவிலிருந்து புறப்பட்ட பிரிட்டனின் வல்கன், வழியில் மீண்டும் மீண்டும் எரிபொருள் பெற்று, ஃபாக்லாந்தின் ஸ்டான்லி ஓடுபாதைமீது 21 குண்டுகளைக் கொண்ட ஒரே சரத்தைக் குறுக்குச் சாய்வாக விட்டது. ஓடுபாதையின் நீளவாக்கில் விட்டிருந்தால் சற்றே விலகினாலும் சரம் முழுவதும் வீணாகியிருக்கும். சாய்வாக விட்டதால் ஒன்றாவது விழும், ஒன்று விழவும் செய்தது. 'சரம்' என்ற சொல் இருந்தால் இதை விளக்க இரண்டு வாக்கியம் போதும்.

செல்லப்பெயர்களில் கைவைக்க வேண்டாம். பி-17க்கு உரிய 'பறக்கும் கோட்டை' பழகிவிட்டதால் இருக்கட்டும். லங்காஸ்டரும் கான்பெராவும் ஊர்ப்பெயர்கள், அவற்றை மொழிபெயர்க்க முயல்வது வீண்வேலை.

கருத்துகளை எதிர்நோக்குகிறேன்.

*

மறுமொழி:

ஐயா, வணக்கம். தங்கள் மடலை இருமுறை வாசித்தேன். குண்டறை, குறியாளர், குண்டுச்சரம் மூன்றுக்கும் என் முழு உடன்பாடு. 'குண்டுவீச்சி' குறித்து மட்டும் இரண்டு தடைகளை முன்வைக்க விரும்புகிறேன்.

முதலாவது, அதன் ஓசை. 'ச்சி' என்று முடியும் சொல்லைக் கேட்டதும் தமிழ்க் காது பெண்பாலை எதிர்பார்க்கிறது. இடைச்சி, தமிழச்சி, பேய்ச்சி ஆகியவற்றை எண்ணிப் பாருங்கள். 'குண்டுவீச்சி வீழ்த்தப்பட்டது' என்ற தலைப்பைப் படிப்பவர், குண்டு எறிந்த ஒரு பெண்ணைப் பற்றிய செய்தி என்று முதலில் நினைக்கமாட்டாரா? நாற்காலிக்கு அந்த இடர் இல்லை.

இரண்டாவது, ஈழத்தில் எங்களுக்கு இவ்விமானத்துக்கு ஒற்றைச் சொல் முன்பே இருந்தது. போர்க்காலத்தில் நாங்கள் அதைப் 'பொம்மர்' என்றோம். கட்டுரைகளிலும் செய்தி அறிக்கைகளிலும் 'குண்டுவீச்சு விமானம்' என்று எழுதிய அதே ஆட்கள், இரைச்சல் கேட்டதும் 'பொம்மர் வருது' என்று கத்திவிட்டுப் பதுங்குகுழிக்குள் பாய்ந்தார்கள். முழுத்தொடரையும் சொல்லி முடிக்க அங்கே நேரம் இருக்கவில்லை. பின்னாளில் வந்த கிபிர் என்ற இஸ்ரேலியத் தயாரிப்பு விமானத்தை, அது வகையால் சண்டை விமானம் என்பதையெல்லாம் ஆராயாமல், அதன் பெயராலேயே அழைத்தோம். கீழே நின்றவர்களுக்கு வகைப்பாடு தேவைப்படவில்லை. ஆர்வலர் கட்டுரைகளைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை, நானும் வல்கனின் முக்கோணச் சிறகை ரசிப்பவன்தான். ஆனால் கலைச்சொல் பட்டியலில் 'பொம்மர்' என்பதற்கு வழக்குச்சொல் என்ற குறிப்புடனாவது ஓரிடம் இருக்க வேண்டும். புதிதாக ஆக்கும் சொல்லும் அதைப் போலவே மூச்சு வாங்காமல் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும்.

*

மறுமொழி:

அன்புள்ள ஐயா, தங்கள் இரண்டாவது கருத்துக்கு என்னிடம் மறுப்பில்லை. 'பொம்மர்' தனிப்பதிவாகவே இடம்பெறட்டும், 'ஈழ வழக்கு' என்ற குறிப்போடு. சொல்லின் நீளத்தை நான் பத்தியின் அழகை வைத்து அளந்துகொண்டிருந்தேன், தாங்கள் அதை வேறோர் அளவுகோலால் அளந்து காட்டியிருக்கிறீர்கள்.

ஓசையைப் பற்றிய தடைக்கு ஒரு நடுவழி சொல்கிறேன். தனித்து வரும்போது 'குண்டுவீச்சு விமானம்' என்றே எழுதுவோம், அதுவே தலைச்சொல்லாகவும் இருக்கட்டும். 'வீச்சி'யைக் கூட்டுச்சொற்களுக்கு மட்டும் ஒதுக்குவோம். 'பெருவீச்சி', 'நெடுவீச்சி', 'பாய்வீச்சி' ஆகியவற்றை உரக்கச் சொல்லிப் பார்த்தேன், அவற்றில் பெண்பால் ஓசை எனக்குத் தட்டுப்படவில்லை. முன்னால் நிற்கும் அடைமொழி பொறியின் வகையை உணர்த்திவிடுவதால் இருக்கலாம். 'கரவுவீச்சி'யில் மட்டும் இரண்டு வகரம் அடுத்தடுத்து வந்து நாக்கைத் தடுக்கிறது. 'கரவீச்சி' என்று குறுக்கினால் கையால் வீசுவது என்றாகி, கவோட்டியின் காலத்துக்கே போய்விடுவோம்.

குண்டறை, குறியாளர், குண்டுச்சரம், பாய்வீச்சி, பெருவீச்சி, நெடுவீச்சி ஆகிய ஆறையும் இன்று பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். பி-2க்கு உரிய சொல் நிலுவையில் இருக்கிறது. 'கரவு' என்ற வேரை மாற்றாமல், நாக்குக்கு இணங்கும் வடிவம் யாருக்கேனும் தோன்றினால் எழுதுங்கள்.